மதுரையில் வளர்ந்த தலைமை நீதிபதி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

நீதி என்ற சொல்லைக் கேட்டவுடன் மதுரை மக்களின் நெஞ்சில் தோன்றுவது பாண்டியனின் அவைக்களமே. சிலம்பின் வழக்கு நமக்குப் பள்ளிப் பருவம் முதலே பாடம். அவ்வழக்கில் பாண்டியன் செய்த பிழை யாது? பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான். கோவலன் சொல்வதைக் கேட்கவில்லை. தீர்ப்பு வழங்கும் முன் கேட்க வேண்டியவனைக் கேட்காமல் விட்டதே அங்கே கொடுமையாக முடிந்தது. இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க காலத்தில் தலைமை நீதிபதிகள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். அவர்கள் யாரைக் கேட்டார்கள்? யாரைக் கேட்கவில்லை?

வரலாற்று மாணவர்கள் எழுத வேண்டியதைக் கணித மாணவன் எழுதுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். நாம் நாள்தோறும் புரட்டும் மடக்கை வாய்ப்பாட்டுக்கும் இந்தக் கட்டுரைக்கும் தொடர்பு உண்டு. அது போகப் போக விளங்கும்.

முதலில் அந்நாளைய நீதிமன்றங்களின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் இரண்டு வகைக் கோர்ட்டுகள் இருந்தன. ஒன்று, இங்கிலாந்து மன்னரின் சாசனத்தால் ஏற்பட்ட மன்னர் கோர்ட்டு. மற்றொன்று, கிழக்கிந்தியக் கம்பெனி தன் வரிவசூல் நாடுகளில் ஏற்படுத்திய கம்பெனி கோர்ட்டு. மன்னர் கோர்ட்டின் தலைவருக்கே தலைமை நீதிபதி என்ற பட்டம். அவர் இங்கிலாந்தில் சட்டம் பயின்றவர், மன்னரால் நியமிக்கப்பட்டவர், கவர்னருக்குக் கீழ்ப்பட்ட உத்தியோகஸ்தர் அல்லர். கம்பெனியின் வியாபாரிகளும் படைத்தலைவர்களும் தங்கள் மனம் போல் நடந்துகொண்ட காலத்தில், அவர்களைக் கூண்டில் ஏற்றக்கூடிய ஒரே மனிதர் இவர்தான். அதனால் கவர்னருக்கும் இவருக்கும் பெரும்பாலும் ஆகாது.

இந்திய மண்ணில் முதன்முதலாக இப்பதவியில் அமர்ந்தவர் சர் எலைஜா இம்பே. 1774இல் கல்கத்தாவில் சுப்ரீம் கோர்ட்டு ஏற்பட்டபோது அவர் தலைமை நீதிபதியானார். மறு ஆண்டே, 1775 ஆகஸ்டில், நந்தகுமார் என்ற வங்காளப் பெரியவர் பொய்ப்பத்திரம் தயாரித்த குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். பொய்ப்பத்திரத்துக்கு மரண தண்டனை என்பது இங்கிலாந்தின் சட்டம். இந்நாட்டில் அப்போது அப்படி ஒரு வழக்கம் இல்லை. நந்தகுமார் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது இலஞ்சக் குற்றம் சாட்டியவர் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், அந்தத் தீர்ப்பு ஏன் இன்றளவும் விவாதத்துக்குரியதாக இருக்கிறது என்பது விளங்கும்.

சென்னையில் 1798இல் ரெக்கார்டர் கோர்ட்டு ஏற்பட்டது. அதன் தலைவராக வந்தவர் சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச். 1801இல் அது சுப்ரீம் கோர்ட்டாக உயர்ந்தது. அவரே சென்னையின் முதல் தலைமை நீதிபதி. 1816 வரை அப்பதவியில் இருந்தார். ஆனால் அவருடைய அதிகாரம் எதுவரை சென்றது? சென்னைப் பட்டணத்தின் எல்லை வரையில்தான். பட்டணத்துக்கு வெளியே வெள்ளைக்காரர்கள் மீது மட்டும் அது செல்லும். மதுரையில் வாழ்ந்த ஒரு தமிழனுக்கு அவர் இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

இதன் பொருளை 1801ஆம் ஆண்டைப் போல வேறெந்த ஆண்டும் காட்டாது. சென்னையில் மன்னரின் நீதிமன்றம் சுப்ரீம் கோர்ட்டு என்ற புதுப் பெயர் பூண்ட அதே ஆண்டில், நம் சீமையில் சிவகங்கைக் காடுகளில் கம்பெனிப் படை மருது சகோதரர்களைத் தேடிக்கொண்டிருந்தது. அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். தூக்கிலிட்டது இராணுவம், எந்தத் தலைமை நீதிபதியும் அந்த வழக்கைக் கேட்கவில்லை. கேட்பதற்கு வழக்கு என்று ஒன்று நடக்கவே இல்லை. சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களையும் யாரும் விசாரிக்கவில்லை. சட்டத்தின் ஆட்சியைக் கொண்டுவந்தோம் என்று பிற்காலத்தில் ஆங்கிலேயர் பெருமை பேசியபோது, பட்டணத்துக்குள் ஒரு நீதியும் பாளையத்துக்குள் ஒரு நீதியுமாக அவர்கள் தொடங்கியதைச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

அதன் பிறகு, 1802ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டங்களின்படி சென்னை இராசதானியின் ஜில்லாக்களில் கம்பெனி கோர்ட்டுகள் ஏற்பட்டன. மேலே சென்னையில் சதர் அதாலத். தொடக்கத்தில் அந்தச் சதர் அதாலத்தின் நீதிபதிகள் யார் தெரியுமா? கவர்னரும் அவருடைய ஆலோசனைச் சபையினருமே! வரி விதித்தவரே வரி பற்றிய வழக்கையும் கேட்டார். குற்ற வழக்குகளில் இஸ்லாமியச் சட்டமே சிற்சில மாற்றங்களோடு பின்பற்றப்பட்டது. வாரிசு, திருமணம் போன்றவற்றில் இந்துக்களுக்கு அவர்கள் சாத்திரம். வெள்ளைக்கார நீதிபதிக்கு இரண்டும் தெரியாது. ஆகவே அவர் பக்கத்தில் ஒரு காஜியும் ஒரு பண்டிதரும் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் சொல்வதே சட்டம். இவ்வாறு பண்டிதர்களைக் கேட்கும் வழக்கம் 1864 வரை நீடித்தது.

இனி, நம் கட்டுரையின் நாயகரிடம் வருவோம். சர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் என்ற பெயர் மதுரையில் இன்று பலருக்குத் தெரியாது. ஆனால் அவர் மதுரையில் வளர்ந்தவர். நந்தகுமார் தூக்கிலிடப்பட்ட அதே 1775இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அவருடைய தந்தை சாமுவேல் ஜான்ஸ்டனுக்கு 1781இல் மதுரையில் கம்பெனியின் பேமாஸ்டர் உத்தியோகம் கிடைத்தது. நாடு அப்போது ஆர்க்காட்டு நவாபின் பெயரில் இருந்தது. படையும் பணமும் கம்பெனியின் கையில். அகழியும் கோட்டை மதிலும் நகரைச் சூழ்ந்திருந்த மதுரை அது. நாம் இன்று நடக்கும் வெளி வீதிகள் அந்த மதில் பின்னாளில் இடிக்கப்பட்ட பிறகு உண்டானவை. ஆறு வயதுப் பையனாக அந்த மதுரைக்கு வந்த அலெக்சாண்டர், பதினேழு வயது வரை இந்நாட்டிலேயே இருந்தார். தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் கற்றார். அவருக்குப் பாடம் சொன்னவர்களில் இருவரை நாம் அறிவோம். ஒருவர் தஞ்சையிலும் திருச்சியிலும் வாழ்ந்த பாதிரியார் சுவார்ட்ஸ். மற்றொருவர் அப்போது இளம் படை அதிகாரியாக இருந்து, பின்னாளில் சென்னை கவர்னராகி, இரயத்துவாரி முறையோடு தம் பெயரை இணைத்துக்கொண்ட தாமஸ் மன்றோ.

அவருடைய தாயார் ஹெஸ்டர். இந்த அம்மையாரால்தான் நம் மடக்கை வாய்ப்பாடு கட்டுரைக்குள் வருகிறது. 1614இல் மடக்கையைக் கண்டுபிடித்து வெளியிட்ட ஸ்காட்லாந்துக் கணித மேதை ஜான் நேப்பியர். அவருடைய வழிவந்த நேப்பியர் பிரபுவின் மகளே ஹெஸ்டர். தம் முன்னோரின் வாழ்க்கை வரலாற்றை எழுத விரும்பிய நேப்பியர் பிரபு, கணிதத்தில் இந்தியர் பண்டைக்காலத்திலேயே எவ்வளவு தூரம் சென்றிருந்தனர் என்பதை ஆராய ஆசைப்பட்டார். அதற்குச் செய்தி திரட்ட உதவிய இளைஞர் காலின் மெக்கன்சி. 1783இல் அவர் இந்தியாவுக்கு வந்தபோது, ஹெஸ்டர் அம்மையார் அவரை மதுரைக்கு அழைத்தார். இந்நகரில் வாழ்ந்த கணிதம் வல்ல அந்தணர்களை அவருக்கு அறிமுகம் செய்து வைத்தார். அவர்களோடு உரையாடியபோதுதான், தென்னாட்டின் வரலாற்றுக்கு வேண்டிய ஏடுகளும் கல்வெட்டுகளும் வாய்மொழிச் செய்திகளும் ஊர்தோறும் கிடக்கின்றன என்பதை மெக்கன்சி உணர்ந்தாராம். மெக்கன்சி சுவடிகள் என்று தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் சொல்லும் மாபெரும் தொகுப்புக்கு விதை மதுரையில் விழுந்தது என்று, 1832இல் இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழுவின் முன் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனே சாட்சியம் கூறினார். தன் வீட்டுப் பெருமையைத் தானே சொல்லும் சாட்சியம் ஆகையால் சற்றுத் தள்ளுபடி செய்தே இதை ஏற்க வேண்டும். ஆயினும் கணக்குத் தேடி வந்த ஒருவர் வரலாற்றைக் கண்டெடுத்துக்கொண்டு போனார் என்பது கணித மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்திதானே!

1792இல் குடும்பத்தோடு ஐரோப்பா திரும்பிய ஜான்ஸ்டன் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலும் பின்னர் லண்டனிலும் சட்டம் பயின்றார். வேலை கிடைத்தது இலங்கையில். அங்கே படிப்படியாக உயர்ந்து, சர் பட்டமும் பெற்று, 1811இல் இலங்கையின் தலைமை நீதிபதியானார்.

இலங்கையின் நிலை நம் நிலையிலிருந்து வேறுபட்டது. ஒல்லாந்தரிடமிருந்து 1796இல் கைப்பற்றப்பட்ட அதன் கரையோர மாகாணங்கள் 1802 முதல் கம்பெனியின் கையை விட்டு முழுவதும் மன்னரின் நேரடி ஆட்சிக்குள் வந்தன. ஆகவே அங்கிருந்த தலைமை நீதிபதியின் அதிகாரம் கொழும்புப் பட்டணத்தோடு நிற்கவில்லை. அவர் காலியிலும் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் சுற்றிச் சென்று கொலை, கொள்ளை வழக்குகளை விசாரித்தார். இராமேசுவரத்துக்கு இப்பால் இருந்த தமிழனுக்கு எட்டாத மன்னர் கோர்ட்டு, கடலுக்கு அப்பால் இருந்த தமிழனுக்கு எட்டியது.

அந்த அதிகாரத்தை வைத்து ஜான்ஸ்டன் என்ன செய்தார்? முதலாவது, ஜூரி முறை. 1811ஆம் ஆண்டுச் சாசனத்தின் வாயிலாக, குற்ற வழக்குகளில் உள்நாட்டு மக்களே ஜூரிகளாக அமரும் உரிமையைக் கொண்டுவந்தார். ஐரோப்பியர் அல்லாதார் இவ்வாறு சட்டப்படி ஜூரிகளாக அமர்வது ஆசியாவிலேயே அதுதான் முதல் தடவை என்று அவர் சொல்லிக்கொண்டார். ஜூரிகள் பதின்மூவர். பெரும்பான்மையோர் கருத்தே முடிவு. இங்கிலாந்தில் அந்நாளில் பன்னிருவர், பன்னிருவரும் ஒருமனப்பட வேண்டியிருந்தது. பன்னிரண்டை ஏன் பதின்மூன்றாக்கினார்கள் என்பது எளிய கணக்குதான்: பெரும்பான்மை முடிவு என்றால் ஒற்றைப்படை எண் வேண்டும், இல்லையேல் ஆறுக்கு ஆறு என்று நின்றுவிடும்.

இதைச் செய்யும் முன் அவர் இலங்கையின் பௌத்த பிக்குகளையும், யாழ்ப்பாணத்திலும் எதிர்க்கரையான நம் தென்னாட்டிலும் வாழ்ந்த அந்தணர்களையும் கருத்துக் கேட்டார் என்று தெரிகிறது. ஊரில் நான்கு பேர் கூடிப் பேசி வழக்கைத் தீர்ப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று என்பதை மதுரையில் வளர்ந்தவர் அறியாமல் இருக்க முடியாது. நம் கிராமங்களில் மந்தையிலோ சாவடியிலோ பஞ்சாயத்துக் கூடுவதை அந்தக் காலத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்திருப்பார்கள். வெள்ளைக்காரப் பிள்ளையும் பார்த்திருக்கலாம். அவருடைய ஆசிரியர் மன்றோவும் 1816இல் சென்னை இராசதானியில் கிராம முன்சீப், பஞ்சாயத்து என்று ஊராரிடமே சிறு வழக்குகளை ஒப்படைக்கும் சட்டங்களைக் கொண்டுவரச் செய்தார். குருவும் சீடரும் கடலின் இரு கரையிலும் ஏறக்குறைய ஒரே திசையில் நடந்தார்கள்.

ஆனால் ஜான்ஸ்டனின் ஜூரி முறையில் ஒரு செய்தி உண்டு. குற்றம் சாட்டப்பட்டவன் தன் சாதியாரைக் கொண்ட ஜூரியைக் கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு சாதிக்கும் தனித்தனிப் பட்டியல். இதில் நன்மையும் இருந்தது: தாழ்த்தப்பட்டவனை அவனை இழிவாக நினைப்பவர்கள் தீர்ப்பிடும் கொடுமை நீங்கியது. தீமையும் இருந்தது: கோர்ட்டுக் கதவைத் தாண்டும்போதே நீ என்ன சாதி என்று கேட்கும் வழக்கம் மன்னரின் முத்திரையோடு நிலைபெற்றது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் கட்டி வைத்தார் எனலாம். அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஒரு நாட்டை அதன் வழக்கப்படி ஆள்வதே நியாயம் என்று நினைத்த நல்லவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது, அடிமை முறை. இதுவே அவருடைய புகழுக்குப் பெரிய காரணம். கொழும்பில் ஒல்லாந்தர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு அடிமைகள் இருந்தார்கள். அந்தக் குடும்பங்களின் தலைவர்கள்தாம் ஜூரிப் பட்டியலிலும் இருந்தவர்கள். பிறருடைய உயிருக்கும் உரிமைக்கும் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அமரும் நீங்கள், மனிதரை உடைமையாக வைத்திருப்பது பொருந்துமா என்று ஜான்ஸ்டன் அவர்களிடம் பல ஆண்டுகள் பேசி வந்தார். சட்டம் போட்டு அடிக்காமல், மதிப்பைக் கொடுத்து வெட்கப்பட வைத்தார். முடிவில், 1816 ஆகஸ்டு 12ஆம் நாள் முதல் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் அடிமைகள் அல்லர் என்று அவர்கள் தாங்களே தீர்மானம் செய்தார்கள். அன்று இளவரசர் ஜார்ஜின் பிறந்த நாள்; அரசாங்கத்தைக் குளிர்விப்பதிலும் ஜான்ஸ்டன் கெட்டிக்காரர். ஆண் பிள்ளைகள் பதினான்கு வயது வரையிலும் பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயது வரையிலும் அந்த வீட்டிலேயே வளர வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்கெனவே அடிமைகளாக இருந்த தாய் தந்தையர்? அவர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள்.

சென்னையின் ஸ்ட்ரேஞ்சையும் இங்கே ஒரு நிமிடம் நினைக்க வேண்டும். அவர் சென்னைக்கு வருமுன் வட அமெரிக்காவில் நோவா ஸ்கோஷியா என்ற மாகாணத்தில் 1790 முதல் 1796 வரை தலைமை நீதிபதியாக இருந்தவர். அங்கே கறுப்பின அடிமைகளைத் தம்முடையவர் என்று உரிமை கொண்டாடி வந்தவர்களிடம், அதற்குத் தக்க சான்று எங்கே என்று கேட்டார். சான்று போதாதென்று வழக்குகள் தோற்றன. அடிமை முறையை ஒழித்தேன் என்று ஒரு வரியும் எழுதாமலே அதன் வேரை அரித்தார். அப்படிப்பட்டவர் சென்னையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தும், தஞ்சையிலும் மதுரையிலும் வயலில் பாடுபட்ட பண்ணையடிமைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆளைப் போலவே அதிகாரத்தின் எல்லையும் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

மீண்டும் இலங்கைக்கு வருவோம். கொழும்பு வேறு, யாழ்ப்பாணம் வேறு. யாழ்ப்பாணத்தில் அடிமைகள் எனப்பட்டோர் வீட்டு வேலைக்காரர் மட்டும் அல்லர். கோவியர், நளவர், பள்ளர் என்ற மூன்று குடிகளைச் சேர்ந்த பல்லாயிரம் மக்கள் நிலத்தோடும் மரத்தோடும் சேர்த்துப் பிணைக்கப்பட்டிருந்தார்கள். அதற்கு ஆதாரம் தேசவழமை என்ற யாழ்ப்பாணத்துச் சட்டத் தொகுப்பு. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் அதைத் தொகுத்தார். தாம் தொகுத்தது சரியா என்று பார்க்கும்படி தமிழில் பெயர்த்துப் பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுத்தார். அவர்கள் பார்த்து, சரி என்று ஒப்பினார்கள். சொத்து, சீதனம், ஒற்றி, அடைமானம் ஆகியவற்றோடு அடிமைகளைப் பற்றியும் அதில் தனிப் பகுதி உண்டு. 1806இல் ஆங்கில அரசாங்கம் அதை அப்படியே சட்டமாக ஏற்றுக்கொண்டது. ஜான்ஸ்டனும் அந்நூலை மிக மதித்தார். அந்தந்த மக்களின் வழக்கத்தைத் திரட்டிச் சட்டமாக்க வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் கொள்கை.

இங்கேதான் நம் கேள்வி வந்து நிற்கிறது. பன்னிரண்டு முதலியார்களைக் கேட்டார்கள். பன்னிருவரும் அடிமைகளை உடைய குடும்பங்களின் உலகத்தைச் சேர்ந்தவர்கள். நளவரில் ஒருவரையோ பள்ளரில் ஒருவரையோ, உன் வழக்கம் என்ன என்று கேட்டார்களா? கேட்டிருந்தால் அந்தப் பகுதி வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். சோதனைச்சாலையில் குளத்து நீரைப் பரிசோதிக்கச் சொன்னால், கரையோரத்தில் மட்டும் ஒரு குப்பியில் முகர்ந்து வந்து முழுக் குளத்துக்கும் முடிவு எழுதினால் ஆசிரியர் ஏற்பாரா? எங்கள் பக்கத்து ஊர்களில் இன்றும் போய், வாய்க்கால் தண்ணீர் யாருக்கு முதலில் என்று மடை பார்க்கும் நாட்டாண்மையைக் கேளுங்கள். ஒரு வழக்கம் சொல்வார். கடைமடையில் களை பறிக்கும் அம்மாளைக் கேளுங்கள். வேறு வழக்கம் சொல்வார். இரண்டும் அந்த ஊர் வழக்கந்தான். எது ஏட்டில் ஏறுகிறது என்பது, கேட்க வருபவர் எந்த வீட்டுத் திண்ணையில் உட்காருகிறார் என்பதைப் பொறுத்தது.

யாழ்ப்பாணத்து அடிமைகளின் பெயர்களைப் பதிவு செய்ய 1818இலும், பிறக்கும் பெண் குழந்தைகளை அரசாங்கமே பணம் கொடுத்து மீட்க 1821இலும் ஒழுங்குமுறைகள் வந்தன. இலங்கை முழுவதிலும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், அடிமை உரிமை கோரும் வழக்கைக் கோர்ட்டுகள் ஏற்கக் கூடாது என்றது. அடிமைப்படுத்துவது குற்றம் என்றானது 1860இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் பிறகே. கொழும்பில் 1816இல் ஏற்றிய விளக்கு யாழ்ப்பாணத்து வயலுக்கும் மதுரை வயலுக்கும் வர ஒரு தலைமுறை ஆயிற்று.

ஸ்ட்ரேஞ்ச் சென்னையில் செய்த பெரிய வேலை வேறு. பட்டணத்து இந்துக்களின் வாரிசு வழக்குகளைத் தீர்க்க அவர் பண்டிதர்களின் பதில்களைத் திரட்டினார். வங்காளத்தில் கோல்புரூக்கும் சென்னையில் எல்லிஸும் அவற்றின் மீது எழுதிய குறிப்புகளையும் சேர்த்து, 1825இல் இந்து சட்டம் பற்றிய நூலாக வெளியிட்டார். அந்த எல்லிஸ் யார்? தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை ஒரு குடும்பம் என்பதை 1816இல், கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிக் காட்டிய பிரான்சிஸ் வைட் எல்லிஸ்தான். வடநாட்டு வழக்கத்தை அப்படியே தென்னாட்டார் மீது ஏற்றக் கூடாது என்று எடுத்துக் கூறியவர். 1819இல் நம் அண்டையிலுள்ள இராமநாதபுரத்தில் அவர் உயிர் நீத்தார்.

அதே இராமநாதபுரத்திலிருந்துதான் அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு வழக்கு லண்டன் வரை சென்றது. மதுரைக் கலெக்டருக்கும் முத்துராமலிங்க சேதுபதிக்கும் நடந்த வழக்கு அது. இராணி பர்வதவர்த்தனி நாச்சியார் கணவர் இறந்த பின், அவர் அனுமதி பெற்றிருந்ததாகச் சான்று இல்லாமல், உறவினர் சம்மதத்தோடு ஒரு பிள்ளையைத் தத்தெடுத்திருந்தார். அது செல்லாது, ஆகவே சீமை அரசாங்கத்துக்கே சேரும் என்று கலெக்டர் தரப்பு வாதாடியது. 1868இல் பிரிவி கவுன்சில் தத்து செல்லும் என்று தீர்த்தது. நாட்டில் தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம் ஏட்டில் எழுதிய சாத்திரத்தைவிட வலிமை உடையது என்று அத்தீர்ப்பில் கூறப்பட்டது. சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றும் இத்தீர்ப்பைப் படிக்கிறார்கள். நம் ஊர் கலெக்டரின் பெயரால் அமைந்த வழக்கு என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! இதிலும் வாதிட்டவை அரண்மனையும் அரசாங்கமும்தான். சீமை யாருக்குச் சேர வேண்டும் என்று அதில் உழுதவனை யாரும் கேட்கவில்லை.

ஜான்ஸ்டன் 1819இல் இலங்கையை விட்டு இங்கிலாந்து திரும்பினார். 1823இல் லண்டனில் ராயல் ஏஷியாடிக் சொசைட்டியை நிறுவியவர்களில் ஒருவரானார். இந்தியர்களையும் ஜூரிகளாக்க வேண்டும் என்று இந்திய விவகாரங்களைக் கவனித்த அமைச்சருக்கு எழுதினார். 1826இல் அவ்வாறு ஒரு சட்டமும் வந்தது. ஆனால் கிறித்தவரை விசாரிக்கும் வழக்கில் கிறித்தவர் மட்டுமே ஜூரியாகலாம் என்று ஒரு முள்ளை அதில் வைத்தார்கள். இராஜா ராம்மோகன் ராய் அதை எதிர்த்து மனுப் போட்டார். 1832இல் முள் எடுக்கப்பட்டது. அந்த ஆண்டே ஜான்ஸ்டன் பிரிவி கவுன்சில் உறுப்பினரானார். அதன் நீதிக் குழுவில் சம்பளம் வாங்காமல் அமர்ந்து இந்தியாவிலிருந்து சென்ற மேல் வழக்குகளைக் கேட்டார். 1849இல் மறைந்தார்.

இன்னொரு செய்தி. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு, ஹெஸ்டர் அம்மையார் பிறந்த அதே நேப்பியர் குடும்பத்தவர். சென்னையில் நேப்பியர் பாலம் இவர் பெயரால் வழங்குவது. மதுரையில் இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் பழுது பார்த்துக் காத்தவரும் இவரே. அந்த மகாலில்தான் மதுரையின் ஜில்லா கோர்ட்டு பல ஆண்டுகள் நடந்தது. 1970இல்தான் கோர்ட்டு அங்கிருந்து அகன்றது. ஊரின் மூத்தவர்களில் அந்தத் தூண்களுக்கு இடையே வாய்தாவுக்குக் காத்து நின்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். சென்னையில் 1862இல் சுப்ரீம் கோர்ட்டும் சதர் அதாலத்தும் ஒன்றாகி உயர்நீதிமன்றமாயின. அதில் 1893இல் முதல் இந்தியராகத் தற்காலிகத் தலைமை நீதிபதிப் பொறுப்பு வகித்தவர், திண்ணைப் பள்ளியில் தொடங்கிக் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்க்கு வேலை செய்த தஞ்சை மாவட்டத்துப் பிள்ளை, சர் டி. முத்துசாமி அய்யர். நிலையான தலைமை நீதிபதியாக ஓர் இந்தியர், பி.வி. இராஜமன்னார், அமர 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த உயர்நீதிமன்றத்தின் கிளை 2004 ஜூலை 24ஆம் நாள் மதுரையில் திறக்கப்பட்டது. மேலூர் சாலையில் ஒத்தக்கடைக்கு அருகே இறங்கினால், சிவகங்கையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் விடியற்காலைப் பேருந்தில் வந்து, கையில் பத்திரப் பையோடு வக்கீலைத் தேடுகிறவர்களைப் பார்க்கலாம்.